நாற்பது நாள் வேண்டுதல்

எங்கள் அறைக்கு ஜன்னல் உண்டு, நதி தெரியாது.
தேம்ஸ் வற்றும் நேரத்தில் சேற்று வாடை மட்டும்
மூன்றாம் மாடி ஏறி வந்து உட்காரும்.

திங்கள் மாலைக்குள் இருபத்தேழு விதிகள்.
தேனீ இறக்குமதி. துறைமுகக் கட்டணம்.
கேரட் விதையின் ஈரப்பதம்.
எதையும் எந்த அவையும் பேசவில்லை.
அமைச்சர் கையெழுத்திட்டார், மேசையில் வைத்தார்கள்,
மேசை ஒன்றும் சொல்லவில்லை,
சட்டமாகிவிட்டது.

வாசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
தாய்ச்சட்டத்தை இடப்பக்கம் விரித்து
பிள்ளையை வலப்பக்கம் கிடத்தி
அம்மா தராத அதிகாரத்தை எங்கே எடுத்துக்கொண்டது என்று
ஸ்கேல் வைத்து வரிவரியாய் இறங்குவேன்.
பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.
தேநீர் ஆறும். கண் எரியும்.

பதினொன்றாவது: வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்போர்க்கு
மின்கட்டணம் திருப்பித் தரும் விதிகள், திருத்தம்.
நான்கு பக்கம். கூடவே ஒன்பது பக்க விளக்கக் குறிப்பு:
கொள்கையில் மாற்றம் இல்லை, பாதிப்பு ஏதுமில்லை.
ஆறாம் விதி.
பழையதில் ‘இரவில் அல்லது பகலில் பயன்படுத்துவோர்’.
புதியதில் ‘இரவில் மற்றும் பகலில்’.

பென்சிலைக் கீழே வைத்தேன்.
இரவில் மட்டும் மூச்சுக்குக் கருவி தேடுகிறவர்கள்
எத்தனை பேர் என்று ஒன்பது பக்கத்திலும் இல்லை.

துறைக்கு எழுதினேன். எட்டாம் நாள் பதில்:
“தட்டச்சில் நேர்ந்த கவனக்குறைவு. குழுவுக்கு நன்றி.
வாய்ப்பு அமையும்போது திருத்துவோம்.”
வாய்ப்பு பேருந்து போல வருமா
வால்நட்சத்திரம் போல வருமா, சொல்லவில்லை.

குழு கூடியது.
ஆலரன்ஷா அம்மையார், பழைய தொழிற்சங்கக்காரர்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி கேட்டார்:
“ஒரு சொல்தானே?”
“ஒரு சொல்தான்.”
“ஒரு சொல்லுக்காக ஆலை வாசலில்
மூன்று வாரம் நின்றிருக்கிறோம்” என்றார்,
யாரிடம் என்றில்லாமல்.
அறிக்கையில் ஏற்றினோம். பக்கம் ஆறு, பத்தி பதினான்கு.

ரத்து கோரும் தீர்மானத்துக்கு இந்த மாளிகையில்
வேண்டுதல் என்றுதான் பெயர்; பகடியில்லை.
முடி இறக்க வேண்டாம், தீ மிதிக்க வேண்டாம்.
நாற்பது நாளுக்குள் ஓர் உறுப்பினரின் கையெழுத்து.
கிழக்குக் கரைத் தொகுதிக்காரர் ஒருவர் போட்டார்.
அதைப் பேச நேரம் ஒதுக்குவது அரசு.
வேண்டுதல் யாருக்கு எதிரோ
வரம் அவர் கையில்.

பத்தொன்பது. இருபது.
கிறிஸ்துமஸ் விடுமுறை கணக்கில் சேராது;
அவை உறங்கினால் நாட்களும் உறங்கும்.
விதி உறங்கவில்லை.

ஹல் நகரில், மீன் பதனிடும் கூடத்தில்
முப்பது வருடம் புகை விழுங்கிய கிளிஃபோர்ட் ஸ்டாதர்ஸ்
பழுப்பு உறையைப் பிரித்தார், இருமுறை வாசித்தார்,
மீட்டரைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார்.
அன்றிலிருந்து இரவு இரண்டு மணிக்கு அதை அணைத்துவிட்டு
தலையணை மூன்றை முதுகுக்கு அடுக்கி
உட்கார்ந்தே விடியலுக்குக் காத்திருந்தார்.
பிறகுதான் இது எனக்குத் தெரியும்.
அவர் மகள் குழுவுக்கு எழுதியிருந்தார்,
நீல மையில், எங்களைத் திட்டாமல்.
திட்டியிருக்கலாம்.

நாற்பதாம் நாள் ஒரு வியாழன்.
மணி அடித்தது, அவை கலைந்தது,
வேண்டுதல் யார் காதிலும் விழாமல் காலாவதியானது.

மார்ச்சில் வந்தது திருத்தத்தின் திருத்தம். ஒன்றரைப் பக்கம்.
‘மற்றும்’ என்பதற்குப் பதிலாக ‘அல்லது’ என்று கொள்க.
ஆலரன்ஷா அம்மையார் போனில் “பார்த்தாயா?” என்றார்.
பார்த்தேன்.
தலைப்புக்கு மேலே, வழக்கமான சாய்வெழுத்தில்:
முந்தைய விதிகளின் பிழை காரணமாக வெளியிடப்படும் இது
அவற்றைப் பெற்றோர் அனைவருக்கும்
இலவசமாக வழங்கப்படும்.

பெற்றோர் என்றால் அச்சுப் பிரதி வாங்கியவர்கள்.
நூலகங்கள், வக்கீல்கள், நாங்கள்.
ஸ்டாதர்ஸ் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.
அவர் பிரதி வாங்கவில்லை,
பிழையை மட்டும்தான் வாங்கினார்.

பென்சிலைச் சீவுகிறேன்.
இந்த வாரம் முப்பத்தொன்று.
முதலாவது, படகு விளக்குகள்.